கோணமலையும் கானகப் பள்ளியும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே அமைந்துள்ள திருகோணமலை, அதன் இயற்கைத் துறைமுகத்தினாலேயே உலகோரால் பெரிதும் அறியப்பட்டது. பெருங்கலங்கள் தங்குதற்கேற்ற ஆழமும், காற்றினின்றும் அலையினின்றும் காப்பளிக்கும் நிலச்சூழலும் வாய்க்கப்பெற்ற இத்துறைமுகத்தைக் கைக்கொள்ளும்பொருட்டு ஐரோப்பிய வல்லரசுகள் பல போர்களை நிகழ்த்தின. 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரும், 1782இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயரும், அதே ஆண்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரரும் இதனைக் கைப்பற்றினர். மீண்டும் ஒல்லாந்தர் வசமாகிய கோட்டை 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. திருகோணமலையின் வரலாறு என்றதும் இந்நிகழ்ச்சிகளே பெரும்பாலும் எடுத்தோதப்படுகின்றன.

ஆயின், துறைமுகம் ஒரு வாயில் மாத்திரமே. வாயிலின் வரலாற்றை மனையின் வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. துறைமுகத்தின் பின்னே வடக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் பரந்துகிடக்கும் வறண்ட வலயக் காடுகளிலே, பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் செறிந்து வளர்ந்த நிலப்பரப்பிலே, பழைய குளங்களின் அணைக்கட்டுகளும், தூண் வரிசைகளும், செங்கற் குவியல்களும், எழுத்துப் பொறித்த பாறைகளும் சிதறிக் கிடக்கின்றன. திருகோணமலையைக் காண வருவோர் இவற்றைத் தனித்தனியாகவே காண்கின்றனர். சைவர் கோணேசர் கோயிலுக்குச் செல்கின்றனர். பௌத்தர் திரியாய்க்கும் சேருவிலைக்கும் செல்கின்றனர். இயற்கை நாடுவோர் நிலாவெளிக் கரையினின்று புறாத்தீவுக்குப் படகேறுகின்றனர். ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு வழிப்படம் உள்ளது. கற்களிலே பொறிக்கப்பட்ட செய்திகளோ இவ்வழிப்படங்களுள் எதனையும் பின்பற்றுவனவாக இல்லை. அக்கற்களை ஒன்றோடொன்று வைத்து வாசிக்குமிடத்து, இம்மாவட்டத்தின் கடந்தகாலம் எவ்வகையில் இன்று பேசப்படும் கடந்தகாலத்தினின்றும் வேறுபட்டது என்பது புலனாகும்.

கோட்டையினுள் ஒரு கோயில்

கடலினின்று செங்குத்தாக எழும் சுவாமி மலையின் உச்சியிலே இருந்த கோணேசர் கோயிலின் தொன்மைக்கு இலக்கியச் சான்றுகள் பல உள. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மீது பதிகம் பாடியுள்ளார். அதற்கும் முற்பட்ட செய்தியொன்று மகாவம்சத்திலே காணப்படுகின்றது. மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் ஆட்சிபுரிந்த மகாசேன மன்னன் தேவாலயங்களை அழித்து விகாரைகளை அமைத்தான் என்றும், அவ்வாறு அமைக்கப்பட்டவற்றுள் கோகர்ண விகாரையும் ஒன்று என்றும் அந்நூல் கூறும். அழிக்கப்பட்டவை இலிங்கக் கோயில்கள் என்பது அதன் உரைகாரர் தரும் விளக்கம். இச்செய்தியை மறைத்துவிட்டு இம்மாவட்டத்தின் சமய வரலாற்றை முழுமையான நல்லிணக்க வரலாறாகக் காட்டுதல் நேர்மையாகாது. மோதலும் இருந்தது; அதனைத் தாண்டிய உறவும் இருந்தது. இரண்டனையும் சான்றுகளின்வழி எடைபோடுதலே வரலாற்று மாணவரின் கடன்.

சோழராட்சிக் காலத்திலே இக்கோயில் பெருநிலை எய்தியது. நிலாவெளியிலே கண்டெடுக்கப்பட்ட தமிழ்ச் சாசனம், கோணபருவதத்துத் திருகோணமலை மற்சகேசுவரமுடைய மகாதேவர்க்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டமையைக் கூறுகின்றது. மானாங்கேணியிலே கிடைத்த மற்றொரு சாசனம், சோழ இலங்கேசுவரன் என்னும் பட்டம் தாங்கிய சோழ அரசகுலத்தவன் ஒருவனையும் இக்கோயிலையும் தொடர்புபடுத்துகின்றது. நன்னிலமும் புன்னிலமுமாகிய பரந்த பரப்பை ஒரு கோயிலுக்கு அளிக்கவேண்டுமெனில், அந்நிலத்தை உழுதுண்ணும் ஊர்களும் அவ்வூர்களுக்கு நீரூட்டும் குளங்களும் இருந்திருத்தல் வேண்டும். கடற்கரைக் கோயிலின் வாழ்வு உள்நாட்டுக் குளங்களிலே தங்கியிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா இக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினான். 1803இல் ஆங்கிலேயர் அதற்குப் பிரடெரிக் கோட்டை எனப் பெயரிட்டனர். கோயிற் கற்கள் கோட்டைக் கற்களாயின. ஆயினும் அவை பேசும் திறனை முற்றாக இழந்துவிடவில்லை. கோட்டை வாயிலின் நிலைக்கல்லிலே இணைக்கயல் இலச்சினையும் சிதைந்த தமிழ்ச் சாசனமும் காணப்படுகின்றன. கோட்டையிலே கிடைத்த கிரந்த எழுத்திலான வடமொழிச் சாசனமொன்று, சக ஆண்டு 1145இல், அஃதாவது கி.பி. 1223இல், சோடகங்கன் என்பவன் இலங்கைக்கு வந்தமையைக் குறிக்கின்றது.

கயல் இலச்சினையின் பின்னணி மேலும் நோக்கற்பாலது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தென் தாய்லாந்தின் இன்றைய நக்கோன் சி தம்மராட் பகுதியிலே இருந்த தாம்பரலிங்க அரசின் மன்னனான சந்திரபானு ஈழத்தின்மீது படையெடுத்தான். அவன் வழியினர் வட இலங்கையில் ஆட்சிபுரிந்தபோது பாண்டியர் தலையிட்டனர். சடையவர்மன் வீரபாண்டியனின் குடுமியான்மலைச் சாசனம், ‘சாவகன் மைந்தன்’ எனக் குறிக்கப்படுபவன் பணிந்தமையையும், கோணமலையிலே பாண்டியர் தம் கயல் இலச்சினையைப் பொறித்தமையையும் கூறுகின்றது. ஆக, கோட்டை வாயிலிலே நிற்கும் ஒருவர் ஏறிட்டு நோக்கும் அந்த மீன் வடிவங்கள், மதுரையையும் தாய்லாந்துக் கடற்கரையையும் ஒருங்கே நினைவூட்டுவனவாகும்.

கோயிலின் திருவுருவங்கள் சில நிலத்திற் புதைத்துக் காக்கப்பட்டன. 1950இல் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலிலே மூழ்கி, செதுக்கு வேலைப்பாடுடைய கோயிற் கற்களைக் கண்டனர். மீள எழுப்பப்பட்ட கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. தம்பலகாமத்து வயல்களின் நடுவே உள்ள ஆதி கோணேசர் கோயிலும், பழைய கோயில் அழிந்தபின் அதன் வழிபாட்டைத் தொடர எழுந்ததே என்பது மரபு. ஒரு கோயிலின் வரலாறு மலையிலும் கோட்டைச் சுவரிலும் கடலடியிலும் வயல்வெளியிலும் பிரிந்து கிடக்கின்றது.

பெரியகுளத்துப் பெரும்பள்ளி

நகரின் வடமேற்கே, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அமைந்துள்ள பகுதிக்கு அப்பால், பெரியகுளத்தை அண்டிய காட்டிலே வெல்கம் விகாரை அமைந்துள்ளது. சுற்றயல் தமிழ் மக்கள் இதனை நாதனார் கோயில் என வழங்கி வந்தனர். சிறு தாதுகோபமும், படிமையில்லமும், அதனுள் நின்ற நிலையிலுள்ள புத்தர் சிலையும், கட்டடங்களின் அடித்தளங்களும் இங்குக் காணப்படுகின்றன. படிமையில்லத்தின் அதிட்டானத்திலே திராவிடக் கட்டடக் கலைக்குரிய வரிகள் அமைந்திருத்தல் பார்த்த மாத்திரத்திலேயே தெரியும். அவற்றினும் வியப்புத் தருவன இங்குக் கிடைத்த தமிழ்ச் சாசனங்கள். 1929இலும் 1953இலும் தொல்பொருட்டிணைக்களம் மேற்கொண்ட பணிகளின் பயனாக வெளிப்பட்ட அவை, பெரும்பாலும் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அச்சாசனங்கள் இவ்விடத்தை வெல்கவேரமான இராசராசப் பெரும்பள்ளி எனக் குறிக்கின்றன. தமிழ்ப் பெயர் தாங்கிய கொடையாளர் பள்ளிக்கு விளக்கும், விளக்கெரிக்க நெய் தரும்பொருட்டுப் பசுக்களும் எருமைகளும், காசும் வழங்கிய செய்திகள் அவற்றிலே பொறிக்கப்பட்டுள்ளன. சோழநாட்டுச் சிவாலயமொன்றிலே நந்தாவிளக்குக்கு ஆநிரை அளிப்பார் எம்முறையில் எம்மொழியிற் கல்லில் எழுதுவித்தனரோ, அம்முறையிலேயே அம்மொழியிலேயே ஈழத்துக் காட்டிலுள்ள புத்தர் பள்ளிக்கும் எழுதுவித்துள்ளனர். கொடுத்தவர் தமிழர், கொள்ளப்பட்ட இடம் பௌத்தப் பள்ளி, அதன் பெயரோ தஞ்சையிலே பெருவுடையார்க்குக் கோயில் எடுப்பித்த சைவ வேந்தனின் பெயர்.

இஃது ஈழத்துக்கு மாத்திரம் உரிய விந்தையன்று. சிறீவிசய மன்னன் நாகபட்டினத்திலே எழுப்பிய சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். அங்கும் இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்னும் பெயர்கள் வழங்கின. நாகபட்டினத்திலே கடல் கடந்து வந்த வணிகர்க்கும் யாத்திரிகர்க்கும் பள்ளி வேண்டியிருந்தது. திருகோணமலையிலே சோழராட்சிக்கு முன்னரே இருந்த விகாரையொன்று, அவ்வாட்சியின்கீழ்ப் புதுப்பெயரும் புதுக்கொடைகளும் பெற்றது. பழைய பெயராகிய வெல்கவேரம் விலக்கப்படாமல் புதுப்பெயரோடு இணைத்தே எழுதப்பட்டமை குறிப்பிடத்தக்கது. சோழரை ஈழத்தினின்றும் அகற்றிய முதலாம் விசயபாகு புதுப்பித்த விகாரைகளுள் வெல்கம் விகாரையையும் சூளவம்சம் சேர்த்துக் கூறுகின்றது. சோழர் பேணிய பள்ளியை, சோழரை வென்ற மன்னனும் பேணினான்.

திரியாய் மலையும் கடல்வணிகரும்

நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே செல்வோர் திரியாயை அடைவர். அங்குள்ள குன்றின்மேல் கிரிகண்டு சேய எனப்படும் தாதுகோபமும், அதனைச் சூழ்ந்து வட்டவடிவில் நிற்கும் கற்றூண் வரிசைகளும் உள்ளன. புத்தர் ஞானம் பெற்ற பின்னர் அவர்க்கு முதலுணவு அளித்த தபசு, பல்லுக என்னும் வணிகர் இருவர், அவரிடம் பெற்ற கேசதாதுவை இங்குக் கொணர்ந்து வைத்தனர் என்பது ஐதிகம். இக்குன்றின் பாறையிலே பொறிக்கப்பட்டுள்ள வடமொழிச் சாசனம், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் அமைந்தது. எழுத்தமைதி கொண்டு அதனை ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளுக்குரியதாக அறிஞர் கொள்வர். திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகரையும் கிரிகண்டி சைத்தியத்தையும் குறிக்கும் இச்சாசனம், அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிறீயையும் போற்றுதலால் மகாயானச் சார்புடையதாதல் தெளிவு.

ஒரு பாறையிலே எத்தனை நாடுகள் சந்திக்கின்றன என்பதை எண்ணிப்பார்த்தல் தகும். எழுத்து பல்லவநாட்டுக்குரியது; மொழி வடமொழி; சமயம் மகாயான பௌத்தம்; இடம் ஈழத்துக் கீழ்க்கரை; ஆக்கியோர் கடல்வணிக மரபோடு தொடர்புடையோர். இதே நூற்றாண்டுகளிலேதான் சம்பந்தரின் பதிகம் தெற்கே ஒரு நாள் நடைத் தொலைவிலுள்ள கோணமலையைச் சிறப்பித்தது. இரு தலங்களும் ஒரே கரையிலே, ஒரே காற்றை நம்பிவந்த கலங்களின் பார்வையிலே இருந்தன.

மேலும் ஒரு தொடர்பு உண்டு. கோணமலை மகாதேவர்க்கு நிலமளித்த நிலாவெளிச் சாசனத்திலே கிரிகண்ட கிரிகாமம் என்னும் இடப்பெயர் வருகின்றது. திரியாய்ச் சாசனத்தின் கிரிகண்டி என்னும் பெயரோடு இதனை ஒப்புநோக்காதிருத்தல் இயலாது. பௌத்த சைத்தியத்தினாற் பெயர்பெற்ற நிலப்பகுதியே பின்னர்ச் சிவாலயத்தின் நிலக்கொடையைக் குறிக்குமிடத்தும் பேசப்படுகின்றது. பழைய இடப்பெயர்கள் சமயம் மாறுந்தோறும் மாறிவிடவில்லை. எழுதியோர் அவற்றை மாற்ற விழையவுமில்லை.

கந்தளாய்ச் சதுர்வேதிமங்கலம்

கோணமலையினின்று தென்மேற்கே, பொலநறுவைக்குச் செல்லும் வழியிலே கந்தளாய்க் குளம் உள்ளது. இதனைக் கட்டியவன் இரண்டாம் அக்கபோதி எனச் சூளவம்சமும், குளக்கோட்டன் எனக் கோணேசர் கல்வெட்டு முதலிய தமிழ் மரபு நூல்களும் கூறும். கோயிலுக்கும் குளத்துக்கும் ஒருவனையே கர்த்தாவாக்கி, கோயிற் கோட்டமும் குளமும் அவன் பெயரிலேயே இணையுமாறு தமிழ் மரபு கூறுதல் வெறுங் கற்பனையாகத் தள்ளத்தக்கதன்று. கோணேசர் கோயிலுக்கு நெல் அளந்த வயல்கள் கந்தளாய் நீரால் விளைந்தன என்னும் பொருளியல் உண்மை அக்கதையினுள்ளே பொதிந்துள்ளது.

கந்தளாயிலே பிராமணர் குடியிருப்பொன்று சதுர்வேதிமங்கலமாக அமைந்திருந்தது. அதனருகே பாலமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனம், சோழரை வென்ற விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நங்கைசானி என்னும் பிராமணப் பெண், இறந்துபோன தன் கணவனின் நற்பேற்றின்பொருட்டு, தென்கயிலாயமான விசயராச ஈசுவரம் என்னும் சிவாலயத்துக்கு அளித்த கொடையை அது கூறுகின்றது. கொடையைக் காக்கும் பொறுப்பை ஏற்றோர் வேளைக்காரப் படையினர். இதே வேளைக்காரப் படையினரே பொலநறுவையிலே தந்ததாது வைக்கப்பட்ட கோயிலைத் தம் உயிர்போலக் காப்பதாகத் தமிழிலே சாசனம் பொறித்தனர் என்பது வரலாற்று மாணவர் அறிந்ததே.

பெரியகுளத்துச் சாசனத்தையும் பாலமோட்டைச் சாசனத்தையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, அவை ஒன்றன் மறுதலையாக ஒன்று அமைந்திருத்தல் விளங்கும். முன்னையதிலே சைவச் சோழவேந்தன் பெயர் புத்தர் பள்ளிக்குச் சூட்டப்பட்டது. பின்னையதிலே பௌத்தச் சிங்கள வேந்தன் பெயர் சிவாலயத்துக்குச் சூட்டப்பட்டது. ஒன்றிலே அரசு மாறியபோது பழைய விகாரை அழியவில்லை. மற்றதிலே அரசு மீண்டும் மாறியபோது சிவாலயம் அழியவில்லை. கோயில்களுக்கு அரசர் பெயரிடுதல் அக்கால அரசியல் வழக்கு. அவ்வழக்கு சமய எல்லையைத் தாண்டியே இயங்கியது.

பின்வந்தோரும் இவ்வழியினின்று விலகவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஆட்சிபுரிந்த இரண்டாம் கசபாகு தன் இறுதிக் காலத்தைக் கந்தளாயிலே கழித்தான் எனச் சூளவம்சம் கூறும். கோணேசர் கோயிலுக்குக் கொடை வழங்கிய கசபாகு மன்னனைப் பற்றித் தமிழ் மரபும் பேசுகின்றது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லனின் கல்லாசனச் சாசனம், கந்தளாய்ப் பிராமண ஊரிலே பார்வதியின் பெயரால் அறச்சாலை ஒன்று அமைக்கப்பட்டமையைச் சிங்கள மொழியிலே கூறுகின்றது.

காடு பரவிய வரலாறு

இத்துணைச் சிறப்புடைய இடங்கள் காடாயினமைக்குக் காரணம் யாது? வறண்ட வலயத்திலே மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களுக்குள் பெய்து ஓய்கின்றது. அந்நீரைத் தேக்கிவைத்துப் பயிர்செய்யும் ஊருக்குக் குளமே உயிர். அணைக்கட்டைச் செப்பனிடவும், வாய்க்காலைத் துப்புரவு செய்யவும், மதகைக் காக்கவும் ஊரவையும் அரசும் ஒருங்கே உழைத்தல் வேண்டும். 1215இல் மாகனின் படையெடுப்போடு இராசரட்டையின் ஆட்சி குலைந்தது. அவன் விகாரைகளைச் சிதைத்தான் எனச் சூளவம்சம் வருந்தியுரைக்கின்றது. அதனைத் தொடர்ந்த நூற்றாண்டுகளிலே அரசின் நடுவிடம் தென்மேற்கு நோக்கி நகர்ந்தது. பேணுவாரற்ற குளங்கள் உடைந்தன, தேங்கிய குட்டைகளிலே நுளம்பு பெருகியது, காய்ச்சல் பரவியது, ஊர்கள் குறைந்தன, வயல்களிலே காடு ஏறியது. கடலை நம்பிய கோணமலை நிலைத்தது. குளத்தை நம்பிய பள்ளியும் மங்கலமும் மறைந்தன.

குளம் உடைதல் என்பது பழங்கதை மட்டுமன்று. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்து 100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பண்டைய ஊர்கள் எவ்வாறு ஓரிரவில் அழிந்திருக்கக்கூடும் என்பதை அந்நாள் இக்காலத்தவர்க்கு உணர்த்தியது.

காட்டினால் விளைந்த நன்மையும் உண்டு. மறைந்தமையாலேயே பல கற்கள் பிழைத்தன. கோணேசர் கோயில் துறைமுகத்தின் முகப்பிலே இருந்தமையால் கோட்டைக்குக் கல்லாயிற்று. இராசராசப் பெரும்பள்ளி காட்டினுள் இருந்தமையால் அதன் சாசனங்கள் அதன் மண்ணிலேயே எஞ்சின. இன்று இம்மாவட்டத்தின் காடுகளும் கரைகளும் சில, சட்டத்தின் காப்பைப் பெற்றுள்ளன. சோமாவதியப் பகுதி 1986இலும், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இலும் தேசியப் பூங்காக்களாயின. ஆயினும் காட்டையும் உயிரினங்களையும் காப்பது ஒரு திணைக்களம். அதனுள் கிடக்கும் தூணையும் சாசனத்தையும் காப்பது மற்றொன்று. காடும் சிதைவும் ஒரே வரலாற்றின் இரு விளைவுகள் என்பது இப்பிரிவினையால் மறக்கப்படுகின்றது.

கடல் கடந்த ஒப்புமை

இத்தொடர்பிலே தாய்லாந்தின் கம்பெங் பெட் மாகாணம் ஒப்புநோக்கத்தக்கது. சுகோதாய் அரசின் எல்லைக்காவல் நகராக விளங்கிய அவ்விடத்தின் செம்புறைக்கல் மதில்களும் கோயிற் சிதைவுகளும், சுகோதாய், சி சச்சநலாய் ஆகியவற்றோடு இணைத்து 1991இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. நகர மதிலுக்கு அப்பால், மரங்களின் நடுவே, வனவாசிப் பிக்குகளின் பள்ளிகள் இருந்த ஆரணியப் பகுதி தனியே பேணப்படுகின்றது. அங்குச் செல்வோர் காட்டைத் தனியாகவும் கோயிலைத் தனியாகவும் காண்பதில்லை. மரநிழலினூடே தூண்களைக் காண்கின்றனர். வனவாசிப் பிக்குகளின் அம்மரபு பதினான்காம் நூற்றாண்டிலே ஈழத்தின் செல்வாக்கினால் அங்கு வளம்பெற்றது என்பது ஈண்டு நினையத்தகும்.

கொண்டதும் கொடுத்ததும் ஒருவழிப்பட்டனவல்ல. தென் தாய்லாந்தின் தக்குவாபாவிற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம், அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதனைக் காத்த மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடுகின்றது. கடல் கடந்த தமிழ் வணிகரும் அங்கே பெயரெழுதிக் காத்தது ஒரு குளத்தையே. அச்சாசனத்தைத் தாய்லாந்து தன் வரலாற்றுக்கு அயலானதாகத் தள்ளிவிடவில்லை. அந்நாட்டின் பழமை பல நாட்டார் வந்துசென்ற பழமை என்பதற்கு அதுவும் சான்றாகவே எண்ணப்படுகின்றது.

சிதைவுகளும் உரிமையும்

திருகோணமலையிலே நிலைமை வேறாயிற்று. 1983ஆம் ஆண்டின் பின் நெடுங்காலம் நீடித்த போரினாலே ஊர்கள் பல வெறுமையாயின. திரியாய் மக்கள் 1985இலே தம் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. குன்றின்மேல் தூண்கள் நின்றன. அடிவாரத்திலே அவற்றை அறிந்த மக்கள் இல்லை. 2009இலே போர் முடிந்தபின், சிதைவு காணப்படும் இடம் யாருக்குரியது என்னும் வினா கூர்மையடைந்தது. 2020 யூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைகளை முகாமை செய்தற்கென சனாதிபதிச் செயலணி ஒன்று நியமிக்கப்பட்டபோது, தமிழரும் முசிலிம்களும் பெருந்தொகையினராக வாழும் மாகாணத்துக்குரிய அக்குழுவிலே அவ்விரு இனத்தவருள் ஒருவரேனும் இடம்பெறவில்லை.

பௌத்தச் சிதைவு காணப்படும் இடமெல்லாம் சிங்களவர்க்கே உரியது என்னும் கொள்கை, இராசராசப் பெரும்பள்ளியின் முன்னே நிற்கமாட்டாது. அங்கு விளக்கேற்றியோர் தமிழ்ப் பௌத்தர் அல்லது பௌத்தத்தைப் போற்றிய தமிழர். அவ்வாறே, தமிழ்ச் சாசனம் கிடைத்த இடமெல்லாம் சைவத்துக்கே உரியது என்னும் எதிர்க்கொள்கையும் அப்பள்ளியின் முன்னேயே வீழ்ந்துவிடுகின்றது. தமிழர் தம்முன்னோருள் பௌத்தரும் இருந்தனர் என்பதை மறந்த காலத்திலே, அப்பள்ளிகளைத் தம்முடையவை எனக் கூறும் நாவையும் இழந்தனர். மறதியினால் விளைந்த இழப்பு, பிறர் செய்த இழப்பினும் சிறிதன்று.

கொள்கைகள் எவையாயினும், அவற்றைச் சோதிக்க வல்லது கல் ஒன்றே. கல்லோ அழியக்கூடியது. கோணேசர் கோயிலின் கற்கள் கோட்டைச் சுவராயின கதை, நானூறு ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன கதையாகக் கருதப்படுதல் வேண்டா. புதையல் தேடி உடைக்கப்படும் கல்லும், தெருவமைக்கும் இயந்திரத்தின்கீழ் நொறுங்கும் கல்லும், படியெடுக்கப்படாமல் மழையிலே தேயும் எழுத்தும் அதே கதையின் தொடர்ச்சியே. எழுத்து அழிந்தபின் எஞ்சுவது செங்கற் குவியல் மாத்திரம். செங்கற் குவியலுக்கு எப்பெயரும் இடலாம். எவரும் உரிமை கொண்டாடலாம். எழுத்துள்ள கல்லுக்கு அவ்வாறு செய்ய இயலாது.

ஆதலின், திருகோணமலைக்குச் செல்லும் மாணவர் குழாம் சுவாமி மலையோடு திரும்பிவிடுதல் போதாது. கோட்டை வாயிலின் கயலைக் கண்டபின் பெரியகுளத்துக் காட்டுக்கும், அங்கிருந்து திரியாய்க் குன்றுக்கும், பின்னர்க் கந்தளாய் அணைக்கட்டுக்கும் அவர்கள் செல்லுதல் வேண்டும். தமிழ் மாணவர் சிங்களச் சாசனத்தையும், சிங்கள மாணவர் தமிழ்ச் சாசனத்தையும், இருவரும் கிரந்த எழுத்தையும் வாசிக்கக் கற்றல் வேண்டும். பிராமணக் கைம்பெண்ணொருத்தி தன் கணவன் பொருட்டு அளித்த கொடையைச் சிங்கள வேந்தன் ஆட்சியிலே தமிழ்ப் படைவீரர் காத்தனர். தமிழ்க் கொடையாளர் புத்தர் முன்னே எரியவிட்ட விளக்குக்கு நெய்யளிக்க ஆநிரை விட்டனர். அப்பசுக்களும் இன்றில்லை; அவ்விளக்கும் இன்றெரியவில்லை. அவர்கள் எழுதுவித்த எழுத்து மாத்திரம் காட்டினுள் கல்லிலே நிற்கின்றது. அதனை வாசிப்பார் வரும்வரை அது நிலைத்திருத்தல், இனிவருவோர் கையிலேயே உள்ளது.